கல்விக் கடன் கேட்கும் முன் பெற்றோரின் சிபிலைப் பாருங்கள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் கலந்தாய்வு, கல்லூரி, கட்டணம் என்று நம் வீடுகளில் ஓட்டம் தொடங்கிவிடும். பலர் 'சிபில்' என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்பதே அப்போதுதான். "உங்க பேர்ல பழைய பாக்கி ஒண்ணு காட்டுதே பாய்" என்று வங்கி மேலாளர் சொல்லும்போது, கட்டணம் செலுத்தக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம்கூட இருக்காது.

வட்டி என்பதால் வங்கிக் கடனை நாடாதவர்கள் நம்மில் பலர். உதவித்தொகை, ஜமாஅத் உதவி, அறக்கட்டளைகள் ஆகியவற்றை முதலில் முயன்று பாருங்கள் என்பதே நம் ஆலோசனையும். வேறு வழியின்றி வங்கிப் படியேற வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியுடன் நம் கடன் விவரங்களைத் தொகுத்து வைத்துள்ளன. 300 முதல் 900 வரை மதிப்பெண் தருகின்றன. 750க்கு மேல் இருந்தால் நல்லது என்பது பொதுவான கணக்கு.

பதினெட்டு வயது மாணவருக்குக் கடன் வரலாறே இருக்காது. அது குறையல்ல. மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023ல் கூறியது. ஆனால் கடனில் உடன் கையெழுத்திடுபவர் தந்தையோ தாயோதான். வங்கி துருவிப் பார்ப்பது அவர்களுடைய கணக்கைத்தான்.

அங்கே என்ன இருக்கும்? தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜின் கடைசி மாதத் தவணை. வளைகுடா போகும் முன் வாங்கி மறந்துபோன கிரெடிட் கார்டின் ஆண்டுக் கட்டணம். நண்பருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து. பேசி முடித்துக் குறைத்துக் கட்டிய கடன் 'செட்டில்ட்' என்று நிற்கும். கடன் தீர்ந்தது என்று நாம் நினைப்போம். முழுதாகக் கட்டவில்லை என்றே வங்கி அதைப் படிக்கும். மீதியைக் கட்டி, நிலுவை இல்லாச் சான்று பெற்று, 'குளோஸ்ட்' என்று மாற்றச் சொல்ல வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல், பெயர். முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் பான் அட்டையில் ஒரு விதமாகவும், ஆதாரில் இன்னொரு விதமாகவும், வங்கியில் சுருக்கியும் எழுதியிருப்போம். ஒரே ஊரில் அதே பெயர், அதே இனிஷியலுடன் நாலு பேர் இருப்பார்கள். அடுத்தவர் கடன் நம் கணக்கில் ஏற இது போதும். எனவே அறிக்கையில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி, ஒவ்வொரு கடன் கணக்கு என வரிவரியாகப் பாருங்கள்.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவற்றின் இணையதளத்தில் பான் எண், மொபைல் எண் கொடுத்துப் பெறலாம். கட்டணத் திட்டங்கள்தான் முதலில் கண்ணில் படும், அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். தந்தை வெளிநாட்டில் இருந்தால், பதிவான இந்திய எண் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஆனால் ஒரே மாதத்தில் பல வங்கிகளில் விண்ணப்பித்தால், ஒவ்வொரு விசாரணையும் பதிவாகும்.

பிழை இருந்தால் அந்த நிறுவனத்திடமும், கடன் தந்த வங்கியிடமும் சேர்த்தே புகார் செய்யுங்கள். வங்கி ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக எதையும் மாற்றாது. 30 நாட்களுக்குள் தீர்வு காணாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இழப்பீடு கிடைத்தாலும் போன சீட் திரும்பாது. அதனால்தான் பொதுத்தேர்வுக்கு முன்பே, ஜனவரியிலேயே பாருங்கள் என்கிறோம்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, அடுத்த மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது. வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தந்து 30 நாட்களில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவே முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.