பெப்டைடு சீரம்: தோலுக்குள் போவது எது?

திருவண்ணாமலைக் கடைகளிலும் இப்போது பெப்டைடு சீரம் கேட்டு வருகிறார்கள். சுருக்கம் மறையும், வயது குறையும் என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் பெரும்பாலும். வாங்குவது அவரவர் விருப்பம். ஆனால் 'தோலின் ஆழத்துக்குச் செல்கிறது' என்ற வரியை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. தோலின் மேலடுக்கோ, இறந்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த சுவர். 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு அதைக் கடப்பது அரிது என்று 2000-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் போஸும் மெய்னார்டியும் எழுதினார்கள். சுருக்கத்துக்கு விற்கும் ஆர்ஜிரெலின் என்ற பெப்டைடு சுமார் 889 டால்டன். ஜிஎச்கே என்ற பெப்டைடு 340தான். ஆனால் தண்ணீரில் கரைவது, அதனால் அதற்கும் வழி எளிதல்ல. ஆகவே பெப்டைடோடு கொழுப்பமிலத்தை ஒட்டுகிறார்கள், லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழியில் அடைக்கிறார்கள், ஊடுருவ உதவும் ரசாயனம் சேர்க்கிறார்கள். இதெல்லாம் உண்மையான அறிவியல்தான். கொழுப்பமிலம் ஒட்டிய ஒரு பெப்டைடை 93 பெண்கள் 12 வாரம் பூசிப் பார்த்த ஆய்வு 2005-இல் வந்தது. மெல்லிய கோடுகள் ஓரளவு குறைந்தன. ஓரளவுதான். அதை நடத்தியவர்களும் அழகுசாதனக் கம்பெனிக்காரர்களே.

சுவரைத் திறந்தால் பெப்டைடு மட்டும் உள்ளே போகாது. வாசனைப் பொருளும், கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனமும் கூடவே போகும். வீட்டில் டெர்மாரோலர் என்ற ஊசி உருளையை உருட்டிவிட்டுச் சீரம் பூசுவது இதனால்தான் எனக்குக் கவலை தருகிறது. சீரம், ஊசி மருந்தைப் போலக் கிருமி நீக்கித் தயாரிக்கப்படுவதல்ல. சீழ் பிடிக்கலாம், அலர்ஜி வரலாம். நம் மாநிறத் தோலில் புண் ஆறிய இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும். பார்லரில் ஒருவருக்குப் போட்ட ஊசியை அடுத்தவருக்கும் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமியே பரவலாம்.

தோல் வழியே உள்ளே போவது எங்கே போய்ச் சேரும் என்பதைக் கேரளத்தின் கோட்டக்கல் காட்டியது. அங்குள்ள மருத்துவமனைக்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு அரிதான 'நெல்-1' (NELL-1) வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது பாதரசம்.

2020 அழகுசாதனப் பொருள் விதிகளின்படி கண்ணுக்கான பூச்சு தவிர மற்றவற்றில் பாதரசம், தவிர்க்க முடியாமல் கலந்தாலும், பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானங்கள் வேண்டும்; வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். இவை இல்லாத புட்டியைத் தொடாதீர்கள். பொய்யான உரிமைகோரலையும் அதே விதிகள் தடுக்கின்றன. அமெரிக்காவிலும் 2012-இல் லாங்கோம் கம்பெனி, தன் கிரீம் மரபணுக்களின் வேலையைத் தூண்டும் என்று விளம்பரம் செய்தது. அப்படிச் சொன்னால் அது மருந்தாகிவிடும் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று: 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, நீங்கள் வாங்கிய அழகுசாதனப் பொருளைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுத்து அறிக்கை பெறலாம். மருந்து ஆய்வாளரிடமும் புகார் தரலாம். பணம் திரும்ப வேண்டுமா? முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்தில் வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை; இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 79 ரூபாய்க்கு வாங்கிய எமாமி கிரீம் சிவப்பழகு தரவில்லை என்று ஒருவர் 2013-இல் தொடுத்த வழக்கில், டெல்லி மாவட்ட நுகர்வோர் மன்றம் 2024 டிசம்பரில் கம்பெனிக்கு எதிராக உத்தரவிட்டது, 14.5 லட்சத்தை நுகர்வோர் நல நிதிக்கும், 50,000 ரூபாயை அவருக்கும் தரச் சொன்னது.

தோல் எரிந்தாலோ வீங்கினாலோ பூசுவதை உடனே நிறுத்துங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் புட்டியையும் எடுத்துப் போங்கள். அங்கே தரும் சீட்டு, கடை பில், அட்டைப்பெட்டி, முகத்தின் படம் எல்லாம் வழக்குக்குத் தேவைப்படும்.