ஈற்றில் நிற்கும் எண்

ஒரு சொல்லை முழுமையாக அறிய விரும்புவோர் அதன் ஈற்றையும் நோக்குதல் வேண்டும். ‘வந்தான்’ எனினும் ‘வந்தாள்’ எனினும் பகுதி ஒன்றே. வந்தவர் ஆணா, பெண்ணா என்பதை ஈற்றில் நிற்கும் விகுதியே உணர்த்துகின்றது. கணினியில் பதியப்படும் பெயர்களுள்ளும் பல இத்தகையனவே. அவற்றின் முற்பகுதி பலவற்றிற்கும் பொதுவாக நிற்கும். ஈற்றில் உள்ள எண்ணே ஒன்றை மற்றொன்றினின்று பிரித்துக் காட்டும்.

இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில், சோதனைக் குழாய்களுக்குக் ‘குருதி-2024-015’ என்பது போலப் பெயர் இடப்படுவதாகக் கொள்வோம். இடையில் நிற்பது ஆண்டு. ஈற்றில் நிற்பது வரிசை எண். எழுத்துகளும் குறிகளும் இலக்கங்களும் இவ்வாறு தொடர்ந்து நிற்கும் தொகுதியைக் கணினி நூலார் ‘சரம்’ என்பர். இச்சரத்தினின்று வரிசை எண்ணை மட்டும் பிரித்தெடுப்பது எங்ஙனம்?

‘கடைசி மூன்று இலக்கங்களை எடுத்தால் போதுமே’ என்று ஒருவன் கருதலாம். 999 ஆம் குழாய் வரையில் அம்முறை பிழையின்றி நடைபெறும். ‘குருதி-2024-1015’ என்னும் குழாய் வந்ததும், அதனின்றும் 015 என்பதே கிடைக்கும். இருவர் குருதிக்கும் ஓர் எண்ணே அமையும். ஒருவர் நோய் மற்றொருவர்மேல் ஏற்றப்படும். சிறு பிழையால் விளையும் பெருந்தீங்கு இதுவன்றோ?

ஆகவே, இத்தனை இலக்கம் என்று எண்ணாமல், எண் நிற்கும் இயல்பை நோக்குதல் வேண்டும். 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த பைத்தான் என்னும் நிரல்மொழியில் இதற்கு எளிய வழி உண்டு. [0-9]+$ என்னும் குறித்தொடரைக் கொடுத்துச் சரத்தினுள் தேடச் செய்யலாம். சதுர அடைப்பு, 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களுள் ஒன்றைக் குறிக்கும். கூட்டற்குறி, அத்தகைய இலக்கம் ஒன்றோ பலவோ தொடர்ந்து வரும் என்பதைக் காட்டும். டாலர் குறி, அவை சரத்தின் ஈற்றில் முடிதல் வேண்டும் என வரையறுக்கும். 2024 என்பதை அடுத்துச் சிறுகோடு வருதலின் அது விலக்கப்படும். 1015 குறைவின்றிக் கிடைக்கும். இத்தகைய குறித்தொடர்களுக்குக் கணித அடிப்படை வகுத்தவர் ஸ்டீவன் கிளீனி என்னும் அமெரிக்க அறிஞர். அவர்தம் கட்டுரை 1956 ஆம் ஆண்டில் அச்சேறியது.

இங்ஙனம் கிடைப்பது இலக்கங்களின் சரமே. இன்னும் அது எண் அன்று. சரங்களைக் கணினி, அகராதிச் சொற்களைப் போல முதலிலிருந்து ஒப்பிட்டு வரிசைப்படுத்தும். அம்முறையில் 1000 என்பது 999 என்பதற்கு முன்னே நிற்கும். ஆதலின் வரிசைப்படுத்துமுன் சரத்தை எண்ணாக மாற்றுதல் வேண்டும். மாற்றியதும் 015 என்பது 15 ஆகிவிடும். பெயரை மீண்டும் அவ்வாறே எழுதுதற்கு மூலச் சரத்தையும் காத்து வைத்தல் நலம். ஈற்றில் எண்ணே இல்லாத பெயர்க்கு ‘ஒன்றுமில்லை’ என்பதே விடையாக வரும். அவ்விடத்தில் ஏதோ ஓர் எண்ணை இட்டு நிரப்புதல் தகாது; அப்பெயரைத் தனியே ஒதுக்கி ஆராய்தல் வேண்டும்.

கணினி, கூறியதைச் செய்யுமேயன்றிக் கருதியதைச் செய்யாது. ஆதலின், கருதியதைப் பிழையறக் கூறுதலே நிரல் எழுதுவோர் கடமையாகும்.