ராக் இரவில் காதுக்கு யார் பொறுப்பு?

இருநூறு பேர் நெருக்கி நிற்கும், தாழ்ந்த கூரையுள்ள சின்ன அரங்கு. ஒரே இரவில் மூன்று நான்கு ராக் குழுக்கள் அடுத்தடுத்து மேடையேறுகின்றன. லண்டனிலும் பாரிஸிலும் ஜூரிக்கிலும் புதிய குழுக்கள் தேர்ச்சி பெறுவது இத்தகைய அரங்குகளில்தான். காதுக்கான ஆபத்தும் இங்கே மிகுதி. டிரம்ஸ் முழங்கினால் மைக் இல்லாமலே அறை நிறைந்துவிடும். அதை மீறிக் கேட்க வேண்டுமென்று கிதார் கலைஞர் தன் ஆம்ப்ளிஃபயரைக் கூட்டுவார். பாடகருக்காக ஸ்பீக்கரின் ஒலியும் கூடும். வெற்றுச் சுவர்கள் அத்தனையையும் எதிரொலிக்கும். ஸ்பீக்கருக்கும் முன்வரிசை ரசிகருக்கும் இடையே சில அடி தூரமே இருக்கும் என்பதால், ஒலி 100 டெசிபலைத் தொடுவது சாதாரணம். இந்த ஆபத்திலிருந்து தப்புவது டிக்கெட் வாங்கியவரின் சொந்தப் பாடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது முதலில் அரங்கை நடத்துபவரின் கடமை. அப்படிக் கருதினால் மட்டுமே தீர்வு கிடைக்கும்.

ஒலி 3 டெசிபல் உயர்ந்தால் காதுக்குள் போகும் ஆற்றல் இரட்டிப்பாகிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் வேலையிடங்களுக்கு வகுத்த பரிந்துரைப்படி, 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும். இந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். ஒரு குழு மேடையில் இருக்கும் நேரமே அதைவிட அதிகம். உட்செவியில் ஒலியை உணரும் முடிச்செல்கள் சுமார் 15,000 உள்ளன; அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. இரவில் காது இரைந்தாலும் காலையில் சரியாகிவிட்டது என்ற நிம்மதியும் முழுமையானதல்ல. உரத்த ஒலிக்குப் பிறகு கேட்கும் திறன் பழைய அளவுக்குத் திரும்பியபோதும், செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிரந்தரமாக அறுந்திருந்ததை 2009இல் எலிகளிடம் நடந்த ஆய்வு காட்டியது.

இதை உணர்ந்த நாடுகள் பொறுப்பை அரங்கின் மீது சுமத்தியிருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் மணிநேரச் சராசரி 93 டெசிபலைத் தாண்டும் நிகழ்ச்சிகளில் இலவசமாக இயர்பிளக் தர வேண்டும், எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். 100 டெசிபலே உச்ச வரம்பு. பிரான்ஸ் 2017ஆம் ஆண்டு ஆணையில் 15 நிமிடச் சராசரிக்கு 102 டெசிபல் என்று வரம்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரநிலை 100 டெசிபல் வரம்போடு, ஒலியை நேரடியாக அளந்துகொண்டிருப்பது, காதுக்கு ஓய்வு தரும் அமைதியான இடம் ஒதுக்குவது, பணியாளருக்குப் பயிற்சி தருவது ஆகியவற்றையும் கேட்கிறது. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு பணியிட இரைச்சல் விதிகள் 2008 முதல் இசைத்துறைக்கும் பொருந்துகின்றன. ஆனால் அவை காப்பது ஊழியரை, ரசிகரை அல்ல. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் அக்கறை பெரும்பாலும் சுற்றுப்புறத்தாரைப் பற்றியது; அரங்குக்குள் நிற்பவரின் காதைப் பற்றியதல்ல.

விரும்பித்தானே வருகிறார்கள் என்று கேட்கலாம். ஓட்டலுக்கு விரும்பிச் சாப்பிடப் போகிறவர் கெட்டுப்போன எண்ணெய்க்குச் சம்மதித்ததாக யாரும் சொல்வதில்லை. அளவைச் சொல்லாத இடத்தில் சம்மதத்துக்கு அர்த்தமில்லை. இரவுதோறும் வேலை செய்யும் மது பரிமாறுபவருக்கும் சவுண்ட் எஞ்சினியருக்கும் அந்த வாதம் சற்றும் பொருந்தாது. சத்தமே ராக்கின் உயிர் என்பது அடுத்த வாதம். அந்த உணர்வு உண்மையானது, மதிக்க வேண்டியது. ஆனால் மேற்சொன்ன வரம்புகள் ராக்கை முணுமுணுப்பாக்கிவிடவில்லை. 100 டெசிபல் இன்னும் மிக உரத்த ஒலிதான். லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 2012 ஒத்திகையில் செவித்திறன் பாதிக்கப்பட்ட வயோலா கலைஞரின் வழக்கில், கலை மதிப்பைக் காட்டிப் பாதுகாப்புச் சட்டத்தைப் பின்னுக்குத் தள்ள முடியாது என்று 2018இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலைஞருக்குச் சாதகமான அந்த முடிவை மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2019இல் உறுதி செய்தது. செலவு என்ற தடை சிறு அரங்குகளுக்கு மெய்யானது. வாடகையிலேயே திணறுபவை பல. ஆனால் நுரை இயர்பிளக் மலிவானது. ஸ்பீக்கரை உயரத்தில் தொங்கவிடுவதும், ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி வைப்பதும், சுவரில் கனத்த திரை போடுவதும் பெரும் முதலீடல்ல. அதற்கு மேல் தேவைப்படுவதற்கு உள்ளாட்சியும் கலை நிதியும் கைகொடுக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை காதைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. நுழையும்போதே இயர்பிளக் கேளுங்கள். இசைக்கென்று செய்யப்பட்டவை ஒலியைச் சீராகக் குறைப்பதால் பாட்டின் நயம் கெடாது. பஞ்சும் காகிதமும் உதவாது. ஸ்பீக்கரிலிருந்து விலகி நில்லுங்கள். குழு மாறும் இடைவேளையில் வெளியே வாருங்கள். காதிரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென மந்தமானால் அன்றே செல்லுங்கள்; ஸ்டீராய்டு சிகிச்சையின் பலன் முதல் இரண்டு வாரங்களில்தான் அதிகம். பிரிட்டனில் வேலை செய்பவர் 85 டெசிபல் அளவை எட்டும் பணியில் காதுக்கவசமும், அதைத் தொடர்ந்து மீறும் பணியில் செவிப் பரிசோதனையும் பெற உரிமையுள்ளவர். மறுத்தால் உள்ளாட்சி மன்றத்தில் புகார் செய்யலாம். பாதிப்பை அறிந்த நாளிலிருந்து பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் இழப்பீடு கோர வேண்டும். இயர்பிளக் இருக்கிறதா, ஒலியை அளக்கிறீர்களா என்று ரசிகர்கள் கூட்டமாகக் கேட்கத் தொடங்கினால், அரங்குகள் மாறியே ஆக வேண்டும்.