திதி இல்லாதவர்கள்

கடவுளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எம்மவர் இரண்டு கரைகளில் ஒன்றில் நின்றுகொள்கிறார்கள். இத்தனை அழிவுக்குப் பிறகும் கோயிலா என்று கேட்பவர்கள் ஒரு கரை. எல்லாம் அவரவர் வினை என்று ஆறுதல் சொல்பவர்கள் மறுகரை. கோயிலுக்குப் போகும் வழக்கமில்லாத எனக்கு முதற்கேள்வி நியாயமாகவே படுகிறது. இரண்டாவதை ஆறுதல் என்று சொல்லவே கூச்சமாயிருக்கிறது. 1995 ஜூலை 9 அன்று நவாலியில் புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அருகிலிருந்த முருகன் கோயிலிலும் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இதை ஊழ்வினை என்றால் செத்த குழந்தையைக் குற்றவாளியாக்கி, குண்டு போட்டவனைத் தப்பவிடுகிறோம்.

ஆனால் விளக்கம் தோற்றால் நம்பிக்கையும் தோற்கவேண்டும் என்று கட்டாயமில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களைப் பார்த்தால் இது விளங்கும்.

எங்கள் சைவ மரபில் சாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. செத்தவீடு, காடாற்று, எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பிறகு வருடந்தோறும் திவசம். தகப்பனை இழந்தவர் ஆடி அமாவாசை பிடிப்பார், தாயை இழந்தவர் சித்திரா பௌர்ணமி பிடிப்பார். திவசத்துக்கு அடிப்படை திதி. எந்த மாதம், எந்தப் பட்சம் என்று தெரியாமல் ஐயர் பஞ்சாங்கத்தைத் திறக்க முடியாது. 2009 மே 18 அன்று வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களுக்கு எது திதி? அன்று அவர்கள் உயிரோடு பஸ்ஸில் ஏறியதை மனைவிமார் கண்டிருக்கிறார்கள். துணைக்குச் சென்ற பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் இன்றுவரை திரும்பவில்லை.

சாஸ்திரத்தில் இதற்கும் வழியிருக்கிறது. பன்னிரண்டு வருடம் செய்தியில்லாதவருக்குத் தருப்பையால் உருவம் செய்து தகனம் பண்ணலாம் என்பார்கள். அந்தக் கணக்கின்படி 2021இலேயே அலுவலை முடித்திருக்கலாம். அரசுக்கும் முடிப்பதில்தான் அக்கறை. 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச, காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்றும், விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்றும் ஐ.நா. பிரதிநிதியிடம் தெரிவித்தார். சாஸ்திரமும் அரசும் இப்படி ஒரே வாசலில் வந்து நிற்பது அபூர்வம்.

குரோய்டன் என்றால் எங்களிற் பலருக்கு முதலில் நினைவு வருவது லூனர் ஹவுஸ். ஒவ்வொரு இழப்புக்கும் ஒரு திகதி போட்டு எழுதப் பழகிக்கொண்ட இடம் அது. அங்கிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில், தோர்ன்டன் ஹீத்தில், ஒரு முருகன் கோயில் இருக்கிறது. அங்கே கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசமிருக்கும் ஓர் அக்காவை எனக்குத் தெரியும். கணவரைக் கையளித்துவிட்டு வந்தவர். நெற்றியில் குங்குமம் இருக்கிறது. ஆடி அமாவாசையன்று லண்டன் வீதிக் கடைகளில் சனம் காத்தோட்டிக்காய் தேடித் திரியும்போது, இவர் மகனை விரதம் பிடிக்க விடுவதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"செத்தவைக்குத்தானே தம்பி எள்ளும் தண்ணியும். அவர் செத்ததுக்கு நான் ஏன் சாட்சி சொல்லவேணும்?"

அப்படியென்றால் முருகன்மேல் கோபமில்லையா?

"கோபந்தான். கோபமெண்டு கதைக்காமல் விட்டால் பிறகு ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

இதைப் படிப்பறிவில்லாத பக்தி என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதால் கண்ணிழந்த சுந்தரர், பிழை தன்மேல் இருந்தும், தோழனான சிவனோடு சண்டை பிடித்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறுகண்ணும் கிடைக்கும்வரை அவர் ஓயவில்லை. அதைத் திருமுறையில் வைத்துக் கும்பிடுகிறோம். விவிலியத்தில் யோபுவின் கதையும் இப்படித்தான். துன்பத்துக்கு நேர்த்தியாகக் காரணம் சொன்ன நண்பர்கள்மேல்தான் கடைசியில் கடவுளுக்குக் கோபம் வருகிறது. வழக்காடிய யோபுவே சரியாகப் பேசினான் என்கிறார். கேட்கப்படவேண்டிய ஒருவர் எதிரில் இருக்கிறார் என்று நம்புகிறவரால்தான் வழக்காட முடியும். அக்காவின் கோபத்தை நான் விசுவாசம் என்று சொல்வது இதனால்தான். கிரியைகளைச் செய்து மனதை ஆற்றிக்கொள்ளுங்கள் என்று அவருக்குப் புத்தி சொல்லும் உறவினர்கள், அவருடைய கடவுளையும் சேர்த்தே பறிக்கப் பார்க்கிறார்கள்.

கிளிநொச்சியில் உறவுகளைத் தேடும் குடும்பங்கள் 2017 பெப்ரவரி 20 அன்று தொடர் போராட்டத்தைத் தொடங்கிய இடம் கந்தசுவாமி கோயில் முன்றல். அலுவலகங்கள் எத்தனையோ இருக்க, கோயில் வாசலைத் தேர்ந்தெடுத்தார்கள். கையில் படம், எதிரே கற்பூரம், சிதறுதேங்காய். அழுகையில் பாதி அரசாங்கத்துக்கு, மீதி உள்ளே இருப்பவருக்கு. அந்தத் தாய்மாரிற் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்களுக்குத் திதி இருக்கிறது. சிலருக்குக் கொள்ளி வைக்கவேண்டியிருந்தவன், அவர்கள் தேடிய அதே மகன்.