நாற்பது வயதில் செருப்பு கடித்தால்

“ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நாற்பதுக்கு மேல் கால் அளவு கூடுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடும். உடல் எடை ஏறினாலும், பாதம் தட்டையானாலும் கூடும். ஆனால் மோதிரமும் இறுகி, தாடை நீண்டு, தோலும் தடித்தால் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கலாம்; வளர்ச்சி ஹார்மோன் அளவு மீறிச் சுரக்கும் இந்நோய்க்கு அக்ரோமெகலி என்று பெயர். அதற்கான ஓர் ஊசிமருந்துக்கு வழிகாட்டியவை, வளராமல் போன சில சுண்டெலிகள்.

1982இல் அமெரிக்காவில் பால்மிட்டரும் பிரின்ஸ்டரும் எலியின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் சுண்டெலிக் கருமுட்டைக்குள் செலுத்தினார்கள். பிறந்தவற்றில் சில ஏறக்குறைய இரு மடங்கு வளர்ந்தன. உலகமே அவற்றின் படத்தைப் பார்த்து வியந்தது.

பின்னர் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஜான் கோப்சிக் குழு, மாட்டு ஹார்மோன் மரபணுவைச் சற்றே மாற்றிச் சுண்டெலிக்குள் வைத்தது. இரத்தத்தில் ஹார்மோன் ஏராளம், சுண்டெலிகளோ குள்ளம். மாற்றிய ஹார்மோன் வெறுமனே செத்துப் போயிருந்தால், சுண்டெலிகள் தம் சொந்த ஹார்மோனால் இயல்பாக அல்லவா வளர்ந்திருக்க வேண்டும்?

இங்கேதான் அழகு இருக்கிறது. செல்லின் மேல் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் இரண்டு ஏற்பிகள். ஷூவின் மேல்பாகத்தையும் சோலையும் பிடிக்கும் பசைபோல, ஒரே ஹார்மோன் இரண்டையும் பற்ற வேண்டும். மாற்றிய ஹார்மோன் மேல்பாகத்தில் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. சோல் பக்கம் பிடிப்பே இல்லை. நல்ல பசையான சொந்த ஹார்மோன் பின்னால் வந்தாலும் ஒட்ட இடமில்லை. உண்மையில் இரு ஏற்பிகளும் முன்பே சேர்ந்தே நிற்கின்றன. ஹார்மோன் அவற்றைச் சற்று முறுக்கினால்தான் செல்லுக்குள் செய்தி போகும். எந்த ஷூவும் அப்படி முறுக்கிக்கொள்வதில்லை. உவமை இதற்கு மேல் வராது. மனித ஹார்மோனில் 120ஆம் இடத்துக் கிளைசினை மாற்றியதும் இதே தடை கிடைத்தது. அதிலிருந்து பிறந்த அந்த ஊசிமருந்து, பெக்விசோமன்ட், 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வளர்ச்சி ஹார்மோனை ‘இளமை ஊசி’ என்று விற்பவர்களை நம்பாதீர்கள். ஹார்மோன் மிகுந்த சுண்டெலிகளின் தோலில், நம் தோல் ஷாப்காரர்கள் நன்கறிந்த கொலாஜன் நார் மண்டுகிறது, சிறுநீரகம் தழும்பேறுகிறது, ஆயுள் குறைகிறது. ஏற்பியே இல்லாத ஒரு சுண்டெலியோ 1,819 நாள் வாழ்ந்தது; ஐந்து ஆண்டுக்கு ஒரு வாரம்தான் குறைவு. அதற்காக ஹார்மோனைத் தடுத்தால் மனிதர் நீண்ட நாள் வாழ்வார் என்றும் சொல்லிவிட முடியாது. ஏற்பி பழுதாகப் பிறந்த ஈக்வடார் மக்களிடம் புற்றுநோயும் சர்க்கரை நோயும் அரிது, ஆயுள் கூடவில்லை.

ஆம்பூர் நண்பரே, செருப்போடு மோதிரமும் இறுகினால் தள்ளிப்போடாதீர்கள். வேலூர் சிஎம்சியில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஐஜிஎஃப்-1 என்ற இரத்தப் பரிசோதனையில் தொடங்குவார்கள்.