கைக்குழந்தையுடன் திரும்பிய தாய்மார் ஒன்றுகூட

2025 நவம்பரில் திட்வா புயலுடன் வந்த மழையாலும் மண்சரிவாலும் இடம்பெயர்ந்து, இப்போது வெலிமடைப் பக்கம் திரும்பியிருக்கும் குடும்பங்களுக்கு முதல் கவலை கூரையும் தண்ணீரும்தான். கைக்குழந்தை உள்ள தாய்க்கு இன்னொரு குறையும் உண்டு. முன்பு லயத்தில் குழந்தை அழுதால் அடுத்த காம்பராவிலிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். முகாமில்கூட குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு கை இருந்தது. இன்று அந்தப் பக்கத்துக் காம்பரா பூட்டிக் கிடக்கலாம்.

அதனால் கிழமைக்கு ஒரு தடவை, ஒரே நாளில், ஒரே இடத்தில் தாய்மார் சேர்ந்து உட்காருங்கள். மூன்று பேர் இருந்தால் போதும். எங்களைப் போன்ற நிறுவனம் வந்து குழு அமைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தலைவி, செயலாளர், வரவுப் பதிவேடு எதுவும் வேண்டாம்.

தொடங்குவதற்கு நல்ல நாள், குழந்தைகளுக்கு நிறை பார்க்கும் நாள். எல்லாத் தாய்மாரும் வருவார்கள். அங்கேயே பேசி வையுங்கள். நீங்கள் திரும்பி வந்துவிட்டதை மிட்வைஃபிடமும் அன்றே சொல்லுங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு வெள்ளத்தில் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். 2, 4, 6, 9, 12ஆம் மாதத் தடுப்பூசிகளில் எது தவறியது என்று அவர் பார்த்துச் சொல்வார்.

அழைக்கும்போது, “இது லோன் குழு இல்லை, காசு சேர்ப்பதும் இல்லை” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெண்களைக் கிழமைதோறும் கூப்பிட்டாலே கடன் என்று பயப்படுகிறவர்கள் நம் தோட்டங்களில் நிறையப் பேர். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

டவுன் பூங்காவுக்கு பஸ் ஏறிப் போவதைவிட கோயில் முற்றம், பாடசாலை மைதானம், லயத்து இஸ்தோப்பு வசதி. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மடுவத்தைத் திறந்து தர முடியுமா என்று பொறுப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். மண் வெட்டிய மேட்டுக்குக் கீழே, புதிதாக வெடிப்பு விட்ட நிலத்தில் உட்கார வேண்டாம். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் கூட்டத்தை விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 117ஐ அழைத்துக் கேளுங்கள். பின்னேரம் மழை பிடிக்கும் மாதங்களில் காலை பத்து மணி நல்லது. தரப்பாள் விரித்து, மேலே ஒரு சீலை போட்டால் ஈரம் ஏறாது. காய்ச்சலோ வயிற்றோட்டமோ உள்ள குழந்தை அன்று வீட்டில் இருக்கட்டும்.

பக்கத்துக் கிராமத்துச் சிங்கள, முஸ்லிம் தாய்மாரையும் கூப்பிடுங்கள். அரைகுறைப் பேச்சே போதும், குழந்தைகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு தாய் தூக்கமில்லாமல், குழந்தையைத் தூக்கவே மனமில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் அதைச் சோம்பல் என்று பேச வேண்டாம். அவரோடு கிளினிக்குக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

மண்சரிவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் உங்கள் லயத்தில் இருந்தால், அவருக்குத் தெரியாமல் ஒளித்துக் கூடாதீர்கள். நேரே போய்ச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்; அடுத்த மாதம் இன்னொரு முறை கேளுங்கள்.