தாய்லாந்தில் குடியேறிய ஓய்வூதியர்களும் புதிய வரிக்கணக்கும்

தாய்லாந்தில் ஓர் ஆண்டில் 180 நாள்களோ அதற்கு மேலோ தங்கும் எவரும், அவர் எந்நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை அந்நாட்டுக்குள் கொண்டுவந்தால் அதற்கு வருமான வரி செலுத்த வேண்டும் என்ற விதி, 2024 ஜனவரி 1 முதல் முன்பு இல்லாத கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. குறைந்த செலவில் வசதியான வாழ்க்கை, தரமான தனியார் மருத்துவமனைகள், குளிர்காலம் இல்லாத தட்பவெப்பம் ஆகியவற்றை நம்பி சியாங் மாய், ஹுவா ஹின், பட்டாயா, புக்கெட் போன்ற ஊர்களில் குடியேறிய ஐரோப்பிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய ஓய்வூதியர்களின் வரவு செலவுத் திட்டத்தில் தாய்லாந்து வரி என்றொரு இனம் பெரும்பாலும் இடம்பெற்றதே இல்லை. இத்தனைக்கும் நாடாளுமன்றம் புதிய சட்டம் எதையும் இயற்றிவிடவில்லை. நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு சட்டப்பிரிவுக்கு வருவாய்த் துறை இதுவரை கொண்டிருந்த பொருளை விட்டு வேறு பொருள் கொண்டது, அவ்வளவே.

ஒரு நாடு தன் மண்ணில் வசிப்பவரின் வெளிநாட்டு வருமானத்தை மூன்று வகையில் நோக்கலாம். சிங்கப்பூரைப் போலத் தனிநபரின் வெளிநாட்டு வருமானத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஒரு வகை. இந்தியாவைப் போல, உலகில் எங்கே ஈட்டினாலும், அதை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தாலும் கொண்டுவராவிட்டாலும், வசிப்பவர் என்ற காரணத்தாலேயே வரி கேட்பது மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் இடையில், வெளிநாட்டு வருமானம் வெளிநாட்டிலேயே இருக்கும்வரை விட்டுவிட்டு, எல்லையைத் தாண்டி உள்ளே வரும்போது மட்டும் வரி விதிக்கும் மூன்றாம் முறை ஒன்று உண்டு. கொண்டுவரும் தொகையை அடிப்படையாகக் கொண்ட இந்த வரிமுறையைத்தான் தாய்லாந்து வருவாய்ச் சட்டத்தின் 41ஆம் பிரிவு பின்பற்றுகிறது.

அந்தப் பிரிவுக்கு வருவாய்த் துறை பல ஆண்டுகளாகக் கொண்டிருந்த பொருளின்படி, வருமானம் எந்த ஆண்டில் ஈட்டப்பட்டதோ அதே நாட்காட்டி ஆண்டுக்குள் கொண்டுவரப்பட்டால் மட்டுமே வரி உண்டு. ஆகவே டிசம்பரில் கைக்கு வந்த ஓய்வூதியத்தைச் சொந்த நாட்டு வங்கியில் வைத்திருந்து ஜனவரி பிறந்தபின் அனுப்பிக்கொண்டவர் சட்டத்தை மீறாமலே வரியிலிருந்து தப்பினார். வெளிநாட்டுப் பங்குகளில் பெரும் முதலீடு செய்திருந்த தாய்லாந்துச் செல்வந்தர்களே இந்த வசதியால் அதிகம் பயனடைந்தார்கள் என்பதையும், புதிய விதியின் முதல் இலக்கு ஓய்வூதியர்களைவிட அவர்களாகவே இருந்திருக்க வேண்டும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

2023 செப்டம்பர் 15 நாளிட்ட பொ. 161/2566 என்ற துறை ஆணை இந்த வழியை அடைத்தது. தாய்லாந்து புத்த சகாப்தத்தைப் பின்பற்றுவதால் ஆணையின் எண்ணில் உள்ள 2566 என்பது 2023ஆம் ஆண்டைக் குறிக்கும். ஒருவர் தாய்லாந்தில் வசித்த ஆண்டில் வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை அதன்பின் எந்த ஆண்டில் கொண்டுவந்தாலும், கொண்டுவந்த ஆண்டில் அதற்கு வரி உண்டு என்று அது அறிவித்தது. அப்படியானால் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய சேமிப்பைக் கொண்டுவந்தாலும் வரியா என்ற அச்சம் உடனே பரவியது; அதன் விளைவாக நவம்பர் 20 அன்று பொ. 162/2566 என்ற இரண்டாம் ஆணை வெளியாகி, 2024 ஜனவரி 1க்கு முன் ஈட்டிய வருமானத்துக்குப் புதிய விளக்கம் பொருந்தாது என்று தெளிவுபடுத்தியது. முதல் ஆணையிலேயே இடம்பெற்றிருக்க வேண்டிய ஒரு வாசகத்துக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே, அந்த ஆணை எவ்வளவு அவசரத்தில் எழுதப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

அவசரத்துக்குக் காரணங்கள் இருந்தன. 2023 ஆகஸ்டில் பிரதமரான ஸ்ரெத்தா தவிசினின் அரசு, வயது வந்தோர் ஒவ்வொருவருக்கும் 10,000 பாட் மின்னணுப் பணமாக வழங்குவதாக வாக்களித்திருந்தது. அதற்கு வருவாய் தேவைப்பட்டது. அதே ஆண்டில்தான், வங்கிகளில் வெளிநாட்டவர் வைத்துள்ள கணக்குகளின் விவரங்களை நாடுகள் ஆண்டுதோறும் தமக்குள் தானாகவே பகிர்ந்துகொள்ளும் பன்னாட்டு ஏற்பாட்டில் தாய்லாந்தும் பங்கேற்கத் தொடங்கியது. லண்டனிலோ சிட்னியிலோ உள்ள கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய வழியில்லாதபோது ஏட்டளவில் கிடந்த சட்டப்பிரிவு, அந்த விவரம் தானே வந்து சேரத் தொடங்கியதும் உயிர் பெற்றது. பிற நாடுகளிலும் அண்மைக் காலத்தில் நிகழ்ந்துள்ள இத்தகைய மாற்றங்களைப் புரிந்துகொள்ள, கருவூலப் பற்றாக்குறையைவிட இந்தத் தகவல் பரிமாற்றம்தான் நல்ல திறவுகோல்.

வரியின் அளவைப் பார்த்தால், பீதிக்கு இடமில்லை. தாய்லாந்தில் வரிக்குரிய வருமானத்தின் முதல் 150,000 பாட்டுக்கு வரி கிடையாது. அதற்கு மேல் 5 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, 50 லட்சம் பாட்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு 35 விழுக்காடு ஆகிறது. ஓய்வூதியத்தில் பாதியை, 100,000 பாட் உச்சவரம்புக்குட்பட்டு, செலவாகக் கழித்துக்கொள்ளலாம். தனிநபர் கழிவு 60,000 பாட். 65 வயது நிறைந்தவர்க்கு மேலும் 190,000 பாட் விலக்கு உண்டு. வேறு கழிவு ஏதும் இல்லாத 67 வயதுக்காரர் ஒருவர் ஆண்டுக்கு 780,000 பாட் ஓய்வூதியம் கொண்டுவருவதாகக் கொண்டால், 350,000 பாட் கழிந்து 430,000 பாட் வரிக்குரியதாகி, அவர் செலுத்த வேண்டியது 20,500 பாட் ஆகும். இது கொண்டுவந்த தொகையில் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. முதியோர் விலக்குக்குரிய வயதை எட்டாத 60 வயதுக்காரர் அதே தொகைக்கு 45,500 பாட், அதாவது 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலுத்துவார். சொந்த நாட்டில் ஏற்கெனவே வரி பிடிக்கப்பட்டிருந்து அது ஒப்பந்தப்படி கழிவுக்கு உரியதானால், இந்தத் தொகையும் குறையும் அல்லது இல்லாமலே போகும்.

எடுத்துக்காட்டில் 780,000 பாட் என்ற தொகை தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. ஐம்பது வயதைக் கடந்த வெளிநாட்டவர் ஓய்வுக்காகத் தங்கும் அனுமதியை ஆண்டுதோறும் நீட்டித்துக்கொள்ள, தாய்லாந்து வங்கியில் 800,000 பாட் வைப்பு வைத்திருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட், அதாவது ஆண்டுக்கு 780,000 பாட், வருமானம் காட்ட வேண்டும், அல்லது வைப்பும் ஆண்டு வருமானமும் சேர்ந்து 800,000 பாட்டை எட்ட வேண்டும். வைப்புத்தொகை இல்லாதவர், குடிவரவுத் துறையின் விதியை நிறைவேற்றவே மாதந்தோறும் பணத்தைக் கொண்டுவருகிறார். அப்படிக் கொண்டுவந்ததற்காகவே வருவாய்த் துறை வரி கேட்கிறது. பணத்தை வெளியிலேயே வைத்திருந்து வரியைத் தவிர்க்கும் வழி பெரிய சேமிப்பு உள்ளவருக்குத் திறந்திருக்கிறது, மாத ஓய்வூதியத்தை மட்டும் நம்பியவருக்கு இல்லை. இந்த ஏற்றத்தாழ்வை மேலும் கூர்மையாக்குவது 2022இல் அறிமுகமான நீண்டகால வசிப்பு விசா. ஆண்டுக்கு 80,000 அமெரிக்க டாலர் நிலையான வருமானம் காட்டி அதன் 'செல்வமுள்ள ஓய்வூதியர்' பிரிவில் சேர்பவர்க்கு, வெளிநாட்டு வருமானத்தைக் கொண்டுவருவதற்கு அரச ஆணையின் வழி வரிவிலக்கு உண்டு. பணக்கார வெளிநாட்டவரை ஈர்க்க வேண்டும் என்ற நோக்கம் புரியக்கூடியதே. ஆனால் அதிகம் உள்ளவருக்கு விலக்கும் அளவாக உள்ளவருக்கு வரியும் என்ற முடிவை வரிநீதியின் எந்த அளவுகோலாலும் நியாயப்படுத்துவது கடினம்.

தொகையைவிடப் பெரிய சுமை ஆதாரம்தான். ஆணைகள் இரண்டும் சேர்ந்து, ஒரே வங்கிக் கணக்கில் உள்ள பணத்தை நான்கு வகையாகப் பிரித்துவிட்டன: 2023 டிசம்பர் 31 வரை சேர்ந்தது, அதற்குப்பின் தாய்லாந்தில் வசித்த ஆண்டுகளில் ஈட்டியது, 180 நாள்களுக்குக் குறைவாகத் தங்கிய ஆண்டுகளில் ஈட்டியது, வருமானமே அல்லாத கடன் போன்ற தொகை. இவற்றுள் இரண்டாவதற்கு மட்டுமே வரி. ஆனால் குளத்து நீரில் எது சென்ற ஆண்டு மழை, எது இந்த ஆண்டு மழை என்று பிரிக்க முடியாததுபோல, பழைய சேமிப்பும் புதிய ஓய்வூதியமும் கலந்துவிட்ட கணக்கிலிருந்து அனுப்பிய தொகை எந்த வகையைச் சேர்ந்தது என்று நிறுவ முடியாது. அதனால்தான் 2023 டிசம்பர் 31 அன்றைய இருப்பைக் காட்டும் வங்கிச் சான்று, பலருக்குச் சொத்துப் பத்திரத்துக்கு நிகரான ஆவணம் ஆகிவிட்டது. பழைய சேமிப்பைத் தனிக் கணக்கிலும் புதிய வருமானத்தை வேறு கணக்கிலும் வைத்து, முன்னதிலிருந்து மட்டும் தாய்லாந்துக்கு அனுப்புவது முறையான, எளிய தற்காப்பு. பங்குகள், வீடு போன்றவற்றில் சிக்கல் கூடுதல்: 2024க்கு முன் வாங்கிய பங்கை அதற்குப்பின் விற்றால், கிடைத்த தொகையில் எது முதல், எது லாபம் என்பதைக் காட்டும் பழைய ரசீதுகள் தேவைப்படும். எண்பது வயதை நெருங்கும் ஒருவர், தாய் மொழியில் அச்சிட்ட படிவத்தோடும் கணக்காளருக்கான கட்டணத்தோடும் இதையெல்லாம் செய்ய வேண்டியிருப்பதே இந்த வரியின் உண்மையான விலை.

ஒரே வருமானத்துக்கு இரு நாடுகள் வரி கேட்பதைத் தடுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களைத் தாய்லாந்து அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுடன் செய்துள்ளது. ஒப்பந்தம் இருக்கிறது என்பதாலேயே வரி இல்லை என்று பலர் நம்புவது தவறு. எந்த வருமானத்துக்கு எந்த நாடு வரி விதிக்கலாம் என்று பங்கிடுவதே ஒப்பந்தத்தின் வேலை, அந்தப் பங்கீடு நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவுடனான ஒப்பந்தப்படி அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு அமெரிக்கா மட்டுமே வரி விதிக்கலாம். பிரிட்டனுடனான 1981ஆம் ஆண்டு ஒப்பந்தமோ அரசுப் பணியாளர் ஓய்வூதியத்தை மட்டும் பிரிட்டனின் வரிக்கு ஒதுக்கிவிட்டு, தனியார் ஓய்வூதியம் பற்றித் தனிப் பிரிவே இல்லாமல் விட்டுவிட்டது. பிரிட்டன் ஓய்வூதியர்களுக்கு இது இரண்டாவது அடி. பிலிப்பீன்ஸில் குடியேறியவர்களுக்கு ஆண்டுதோறும் உயரும் பிரிட்டன் அரசு ஓய்வூதியம், தாய்லாந்தில் குடியேறியவர்களுக்கு அவர்கள் அங்கே அதைப் பெறத் தொடங்கியபோது இருந்த தொகையிலேயே உறைந்து நிற்கிறது.

இதே காற்று வேறு நாடுகளிலும் வீசியது, ஆனால் ஒரே திசையில் அன்று. வெளிநாட்டு ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு விலக்கு அளித்து 2009 முதல் முதியோரை ஈர்த்த போர்ச்சுகல், தன் ஓய்வூதியர்கள் எங்கும் வரி செலுத்தாமல் இருப்பதை ஏற்காத பின்லாந்து ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்ட நிலையில், 2020இல் புதிதாகச் சேர்வோருக்கு 10 விழுக்காடு வரி விதித்து, பின்னர் சுவீடனும் அவ்வாறே முறித்துக்கொள்ள, 2024இல் அத்திட்டத்தின் கதவையே மூடிவிட்டது. பிரிட்டன், நிரந்தரத் தாயகம் வேறு நாட்டில் உள்ளவர்களுக்கு 1799 முதல் வேரூன்றியிருந்த, கொண்டுவரும் தொகைக்கு மட்டும் வரி என்ற சலுகையை 2025 ஏப்ரல் 6 முதல் ஒழித்தது. மலேசியா மட்டும் 2022 ஜனவரியில் வெளிநாட்டு வருமானத்துக்கான விலக்கை நீக்கிவிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் தனிநபர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுத்து, பின்னர் 2036 இறுதிவரை நீட்டித்தது. ஓய்வூதியர்களுக்காகப் போட்டியிடும் இரு அண்டை நாடுகளுள் ஒன்று வரியை இறுக்கும்போது மற்றொன்று தளர்த்துவதைத் தற்செயல் என்று கொள்ள இயலாது.

தாய்லாந்தில் பணிபுரியும் அல்லது அங்கே குடியேறியுள்ள இந்தியர்களுக்கும் இந்த மாற்றம் பொருந்தும். வெளிநாடுவாழ் இந்தியர் வங்கியில் வைத்திருக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் 2024 ஜனவரி 1 முதல் சேர்ந்த அந்த வட்டியைத் தாய்லாந்துக்குக் கொண்டுசென்றால் அது அங்கே வரிக்குரிய வருமானம், இந்தியாவில் வரி கட்டாததால் கழிவு கோரவும் வழியில்லை. சென்னையில் உள்ள வீட்டு வாடகைக்கு இந்தியாவில் வரி கட்டியவர் ஒப்பந்தப்படி அதைக் கழித்துக்கொள்ளலாம், கட்டிய சான்று கையில் இருந்தால்.

2025இல் தாய்லாந்து வருவாய்த் துறை, ஈட்டிய ஆண்டிலோ அதற்கு அடுத்த ஆண்டிலோ கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்கு அளிக்கலாம் என்ற யோசனையை வெளியிட்டது. பணத்தை வெளியில் பதுக்கிவைப்பதற்குப் பரிசும் உடனே கொண்டுவருவதற்குத் தண்டனையுமாக இருந்த பழைய விளக்கத்தை இது அப்படியே தலைகீழாக்குகிறது என்பதால், மாத ஓய்வூதியத்தை நம்பியவருக்கு இதைவிடப் பொருத்தமான தீர்வு இருக்க முடியாது. ஆனால் செய்தித்தாளில் வரும் யோசனை, அரசிதழில் வெளியாகிச் சட்ட வடிவம் பெறும்வரை எவரையும் காப்பதில்லை. அதுவரை, வெளிநாட்டு வருமானத்தைக் கொண்டுவந்தவர்கள் அடுத்த ஆண்டு மார்ச் 31க்குள் கணக்குத் தாக்கல் செய்வதும், 2023 இறுதி நாளின் வங்கிச் சான்றைப் பத்திரப்படுத்தி வைப்பதும் அவசியம்.